மோமோயே பாடிய சொற்கள் யாருடையவை?

ஜப்பானியப் பாப் இசையைப் பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பிச்சா, 'ஐடல்' என்ற சொல்லைத் தாண்டி ஒரு பக்கம்கூட நகர முடியாது. ஐடல் என்றால் சின்ன வயசுப் பாடகி. பாட்டு எழுதுறவர், மெட்டுப் போடுறவர், உடை தேர்ந்தெடுக்கிறவர் எல்லாம் வேற ஆட்கள். மேடையில வந்து நின்னு பாடுறது மட்டும்தான் அவள் வேலை. 1970களில் இந்த ஏற்பாடு வேரூன்றியபோது உச்சியில் இருந்தவர்களில் ஒருவர் யமகுச்சி மோமோயே. 1973 மே மாதம் முதல் பாட்டு, 1980 அக்டோபரில் கடைசி மேடை. ஏழரை வருஷம்கூட முழுசா இல்லை. அந்தப் பாட்டுகளை வெளிவந்த வரிசையில் கேட்டுப் பார்த்தபோது எனக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: இந்தப் பொண்ணு பாடுற சொற்கள் யாருடையவை?

மோமோயே 1959இல் டோக்கியோவில் பிறந்தவர். வளர்ந்தது யோகோசுகாவில், அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கிற துறைமுக ஊர். அப்பாவுக்கு வேறொரு குடும்பம் இருந்தது. அம்மாதான் தனியா இரண்டு மகள்களை வளர்த்தார். பள்ளி நாட்களில் மோமோயே வீடு வீடாகப் பத்திரிகை போட்டிருக்கிறார். 1972இல் 'ஸ்டார் தஞ்ஜோ!' என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குப் போனார். அதன் இறுதிச் சுற்றில் இசைத்தட்டு நிறுவனங்களும் கலைஞர் முகமைகளும் எதிரே உட்கார்ந்திருக்கும். பிடித்துப்போனால் பெயர்ப்பலகையைத் தூக்கிக் காட்டுவார்கள். மோமோயேவுக்கும் பலகைகள் உயர்ந்தன. அப்போ அவருக்கு வயசு 13.

முதல் பாட்டு எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. அடுத்ததில் பாதையை மாற்றினார்கள். 1973 செப்டம்பரில் வந்த பாட்டின் தலைப்பு 'ஆவோய் கஜித்சு', அதாவது பழுக்காத காய். 1974 ஜூனில் 'ஹித்தோ நாத்சு நோ கேய்கென்', ஒரு கோடைக்காலத்தின் அனுபவம். எழுதியவர் செங்கே கசுயா, இசை தொகுரா ஷுன்இச்சி, தயாரிப்பாளர் சாகாய் மசாதோஷி. மூவரும் ஆண்கள். ஒரு பெண் தன்னிடம் இருப்பதிலேயே விலைமதிப்பில்லாததை காதலனுக்குத் தர நினைப்பதுதான் பாட்டின் பொருள். பாடினவளுக்கு வயசு 15. வெள்ளந்தியான முகம், இரட்டை அர்த்தச் சொற்கள், இந்த முரண்தான் விற்பனைச் சரக்கு. பாட்டு பெரிய வெற்றி.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு உறுத்துது. பேட்டி எடுக்க வந்தவர்கள் மாற்றி மாற்றி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "பெண்ணுக்கு விலைமதிப்பில்லாதது எது?" எழுதின பெரியவர்களிடம் கேட்க வேண்டியதை, பாடின சிறுமியிடம் கேட்டார்கள். மோமோயே சொன்ன பதில் 'மாகொகோரோ'. தமிழில் சொன்னால், உண்மையான மனசு. கேட்டவங்க எதிர்பார்த்த பதில் அது இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

திருப்பம் 1976 ஜூனில். 'யோகோசுகா ஸ்டோரி' வந்தது. எழுதியவர் ஆகி யோகோ, மெட்டு அவருடைய கணவர் உசாகி ரியூதோ. இவர்களிடம் பாட்டு வாங்கலாம் என்று கேட்டதே மோமோயேதான். ராக் இசைக்குழு நடத்தின உசாகியை ஓர் ஐடலுக்கு மெட்டுப் போட அழைப்பது அன்றைக்கு வழக்கமில்லாத காரியம். ஆகி யோகோவும் யோகோசுகாவில் வளர்ந்தவர். ஆக, அந்த ஊர்க்காரி ஒருத்தி எழுத, இன்னொருத்தி பாடினாள். மோமோயேவின் இசைத்தட்டுகளில் மிக அதிகம் விற்றவற்றில் இதுவும் ஒன்று.

1978இல் இதே தம்பதி கொடுத்தது 'ப்ளேபேக் பார்ட் 2'. தலைப்பைப் பார்த்து நம்ம ஊர்ப் பின்னணிப் பாட்டுன்னு நினைச்சிடாதீங்க. ஒலிநாடாவைத் திருப்பி ஓட்டிக் கேட்பதைத்தான் சொல்கிறது. சிவப்புப் போர்ஷே காரைத் தனியா ஓட்டிப் போகிறாள் ஒரு பெண். பக்கத்துக் கார்க்காரன் சத்தம் போட, திருப்பிக் கொடுக்கிறாள். விளம்பரமாகிவிடும் என்று என்.எச்.கே. தன் நிகழ்ச்சியில் 'போர்ஷே'யை வெறும் 'கார்' என்று மாற்றிப் பாட வைத்தது தனிக்கதை. அந்த வருஷக் கடைசி இரவு நடந்த என்.எச்.கே.யின் கோஹாகு இசைவிழாவில் மகளிர் அணிக்குக் கடைசியாகப் பாடி முடித்தவர் மோமோயே. அந்த இடம் மூத்தவர்களுக்கானது. இவருக்கு 19.

இடையில் 1977இல் சாதா மசாஷி எழுதிய 'காஸ்மோஸ்' வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மாவோடு இருக்கும் மகளின் பாட்டு. 'இலையுதிர்காலச் செர்ரி' என்று பொருள்படும் எழுத்துகளைக் காஸ்மோஸ் என்றே வாசிக்கும் வழக்கம் பரவியதில் இந்தப் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

1980 மார்ச்சில், நடிகர் மியூரா தொமோகசுவைக் கல்யாணம் செய்துகொள்வதாகவும் தொழிலை விடுவதாகவும் அறிவித்தார். காரோட்டிக்குப் பதிலடி கொடுத்தவள் கடைசியில் வீட்டுக்குள்ள போயிட்டாளேன்னு நமக்கு ஆதங்கம் வரலாம். எனக்கு அப்படித் தோணலை. அந்த வருஷம் வந்த 'ஆவோய் தோகி' என்ற தன்வரலாற்றில் அப்பா விஷயம் முதல் துறவறம் போன்ற இந்த விலகல்வரை அவரே எழுதினார். புத்தகம் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அக்டோபர் 5ஆம் தேதி நிப்பான் புதோகான் அரங்கில் பாடி முடித்து, மைக்கை மேடைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பாடகியாக மேடை ஏறவே இல்லை.

நவம்பர் 19, கல்யாண நாள். அன்றைக்கே ஓர் இசைத்தட்டு வெளிவந்தது: 'இச்சியே'. பாடலாசிரியர் என்ற இடத்தில் 'யோகோசுகா மெகுமி' என்று இருந்தது. 'மோமோயே' என்ற பெயரின் இரண்டாம் எழுத்தைத் தனியாக வாசித்தால் மெகுமி. முன்னால் ஒட்டியிருப்பது வளர்ந்த ஊர். அது மோமோயேவின் புனைபெயர்தான். பழுக்காத காய் என்று யாரோ எழுதிக்கொடுத்ததைப் பாட ஆரம்பித்தவர், விடைபெறும்போது பாடின சொற்கள் அவருடையவை.