பாஸ்போஜிப்சக் குன்றுகள், புளோரிடா

பாஸ்பேட் உர உற்பத்தியில் மிஞ்சும் கழிவு ஜிப்சம் பாஸ்போஜிப்சம் எனப்படும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இது சுமார் 100 கோடி டன் அளவுக்குக் குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது.

இக்கழிவில் கதிரியக்கம் உண்டு. அது பாஸ்பேட் பாறையிலிருந்தே வருகிறது. பழங்காலக் கடலடியில் பாஸ்பேட் படிந்தபோது, கடல்நீரின் யுரேனியமும் அதில் சேர்ந்துகொண்டது. பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் யுரேனியத்தின் பெரும்பங்கு பாஸ்பாரிக் அமிலத்தோடு போகும். ரேடியம்-226 பெரும்பாலும் ஜிப்சத்தில் தங்கிவிடும். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அது சிதையச் சிதைய ரேடான் வாயு வெளிப்படும். ஒரு டன் பாஸ்பாரிக் அமிலத்துக்குச் சுமார் 5 டன் கழிவு மிஞ்சுகிறது.

1881-இல் புளோரிடாவின் பீஸ் ஆற்றை ஆராய வந்த பொறியாளர் பிரான்சிஸ் லெபரான், அங்கே பாஸ்பேட் கூழாங்கற்களைக் கண்டார். 'போன் வேலி' எனப்படும் இந்தச் சுரங்கப் பகுதியில் கடற்பசுவின் கனத்த விலா எலும்புகளும், உள்ளங்கையை நிறைக்கும் மெகலோடான் சுறாப் பற்களும் பாஸ்பேட்டோடு சேர்ந்தே வெளிவருகின்றன. 1950களில் இங்கே யுரேனியமும் பிரித்தெடுக்கப்பட்டது.

சுரங்கம் தோண்டி மூடிய நிலத்தில் கட்டிய வீடுகளுக்குள் ரேடான் கூடுதலாக இருப்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970களின் நடுவில் கவனித்தது. அதனால் நுரையீரல் புற்றுநோய் எந்த அளவு கூடியது என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. 1989-இல் அந்த முகமை கொண்டுவந்த விதி கழிவைக் குன்றுகளிலேயே வைக்கச் சொன்னது. 1992-இல் விதி திருத்தப்பட்டது: ரேடியம் கிராமுக்கு 10 பிகோகியூரியை (கதிரியக்க அலகு) தாண்டாத ஜிப்சத்தை வயலுக்கு இடலாம். நிலக்கடலைக்குச் சுண்ணாம்புச் சத்து தேடிய விவசாயிகளுக்கு இது உதவியது. மத்தியப் புளோரிடாவின் ஜிப்சம் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டியது.

குன்றின் உச்சியில் குளம் உண்டு. அந்த நீர் எலுமிச்சைச் சாற்றுக்கு நிகரான புளிப்புடையது. 1994-இல் நியூ வேல்ஸ் உர ஆலையின் குன்றில் சுமார் 15 மாடி ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. 1997 டிசம்பரில் மல்பெரி நகரருகே ஒரு குன்றின் கரை உடைந்து, ஏறத்தாழ 20 கோடி லிட்டர் அமில நீர் அலாஃபியா ஆற்றில் பாய்ந்தது. சுமார் 58 கிலோமீட்டர் ஆறு பாழானது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் செத்தன. அவற்றைக் கொன்றது அமிலமே, கதிர்வீச்சு அல்ல. ஆனால் இரண்டும் கிடப்பது ஒரே குன்றில்தான். கரை உடைந்த குன்றின் ஆலையை நடத்திய மல்பெரி நிறுவனம் 2001-இல் திவாலாகி, பைனி பாயின்ட்டில் இருந்த தன் மற்றொரு குன்றையும் கைவிட்டது. பொறுப்பு மாநில அரசின் தலையில் விழுந்தது.

2016-இல் நியூ வேல்ஸில் மீண்டும் பள்ளம் விழுந்து, சுமார் 80 கோடி லிட்டர் நீர் நிலத்தடிக்குள் இறங்கியது. 2021-இல் பைனி பாயின்ட் குளத்தில் கசிவு கண்டு, முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். கரை உடையாமலிருக்க ஏறக்குறைய 80 கோடி லிட்டர் நீர் டாம்பா வளைகுடாவில் திறந்துவிடப்பட்டது. அங்கே பின்னர் பரவிய செம்பாசிக்கு இந்நீரும் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

சாலை போட இக்கழிவைப் பயன்படுத்த 2020-இல் சுற்றுச்சூழல் முகமை தந்த அனுமதி மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில், நியூ வேல்ஸ் வளாகத்துக்குள் ஒரு சோதனைச் சாலைக்கு மட்டும் அந்த ஆலையை நடத்தும் மோசைக் நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது.