ரப்பரை வெடிக்கச் செய்யும் வாயு

தோட்டப்புறத்தில் வாழும் நம்மவர்க்கு ரப்பரின் குணங்களை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், இழுத்துக் கட்டிய ரப்பர் நாளடைவில் குறுக்குக் குறுக்காக வெடித்துப்போவது ஏன் என்று வினவினால், "வெயிலிற் காய்ந்தது" என்றே பலரும் விடையிறுப்பர். வெயிலுக்கும் அதிற் பங்குண்டு. எனினும் முதன்மையான காரணம், கண்ணுக்குப் புலப்படாது காற்றிற் கலந்திருக்கும் ஓஸோன் என்னும் வாயுவேயாகும். இவ்வாயுவின் சரித்திரம், மனிதன் தான் சுவாசிக்கும் காற்றை எவ்வளவு கெடுத்துவிட்டான் என்று கணக்கிட முயன்ற சரித்திரமாகும்.

பிராணவாயுவின் அணுக்கள் இரண்டிரண்டாய்க் கூடியிருப்பது இயல்பு. மூன்று கூடினால் அது ஓஸோன். வானத்தின் உயர்ந்த அடுக்கில் அது சூரியனது கொடிய கிரணங்களைத் தடுக்கும் காவலன். நாம் நடமாடும் தாழ்ந்த அடுக்கிலோ அதுவே நுரையீரலைப் புண்படுத்தும், பயிரை வாட்டும், பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது பிடித்துவைக்கும்.

1839-ஆம் ஆண்டில் பாசல் நகரத்து ஷோன்பைன் என்னும் இரசாயன அறிஞர் இதனை மணத்தாற் கண்டறிந்து, மணத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பெயரும் இட்டார். கஞ்சிப்பசையும் பொட்டாசியம் அயோடைடும் தோய்த்த காகிதத்தைக் காற்றில் வைத்தால் ஓஸோன் பட்டு அது நீலமாகும் என்பது அவர் கண்ட முறை. வாந்திபேதி முதலிய நோய்களை ஓஸோன் விரட்டுமோ என்ற எண்ணம் அக்காலத்திற் பரவியிருந்தமையால், நூற்றுக்கணக்கான இடங்களில் இக்காகிதம் தொங்கவிடப்பட்டது. கடற்காற்றில் ஓஸோன் மிகுதி, ஆதலின் அது ஆரோக்கியம் தரும் என்றும் கூறினர். படித்தவர் கூறினார் என்பதற்காக ஒரு கூற்று மெய்யாகிவிடுமா? காற்றின் ஈரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப அக்காகிதம் நிறம் மாறியது என்பது பின்னரே தெளிவாயிற்று.

பாரிஸ் நகரத்து மோன்சூரி ஆராய்ச்சி நிலையத்தார் மட்டும், 1876 முதல் 1910 வரை காற்றை இரசாயன நீரினுட் செலுத்தி முறையாக அளந்து வைத்தனர். அவ்வளவைகளை 1988-இல் மறுபடி ஆராய்ந்தபோது, நூறு கோடிப் பங்கு காற்றில் ஓஸோன் சுமார் 10 பங்கே இருந்ததெனக் கண்டனர். இன்றைய ஐரோப்பிய நாட்டுப்புறங்களிலோ 30 முதல் 40 பங்கு வரை உள்ளது. மூன்று மடங்கிற்குக் குறையாத பெருக்கம்!

இப்பெருக்கத்திற்குக் காரணம் யாது? 1943-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரைக் கடும் புகைமூட்டம் சூழ்ந்தது. ஹாலந்தில் பிறந்த ஹாகன்-ஸ்மிட் என்ற பேராசிரியர், மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஆவிகள் வெயிலிற் கலந்து ஓஸோனைப் பிறப்பிக்கின்றன என்று 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினார். அந்நகரில் ரப்பர் விரைவில் வெடிப்பதே அவருக்குச் சாட்சியாயிற்று. வளைத்து வைத்த ரப்பர்த் துண்டு வெடிக்க எத்தனை நிமிடம் ஆகிறதென்று பார்த்தே ஓஸோனை அளந்தனர்! இதே வினை நகரங்களில் மட்டுமன்றி உலகத்துக் கீழ்க்காற்று முழுவதிலும் நிகழ்கிறது என்பதை 1970-க்குப் பின் கிருட்ஸன் முதலியோர் விளக்கினர்.

நிற்க. அடுத்து வந்தவை கணினி மாதிரிகள். இவை பூமியின் காற்றைப் பல்லாயிரம் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் வாயுக்களின் வரவு செலவை 1850 முதல் எழுதிக்காட்டும் பேரேடுகள் எனலாம். அவற்றின்படி, 1850-இல் கீழ்க்காற்றிலிருந்த ஓஸோன் ஏறத்தாழ 24 கோடி டன். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 35 கோடி டன். அதாவது 40 விழுக்காட்டிற்குச் சற்று மேற்பட்ட பெருக்கம். மூன்று மடங்கு அன்று. பேரேடு பொய்யா, பழைய அளவை பொய்யா?

தோட்டத்துத் தராசு பிழைபட்டால், கிராணியின் கூட்டல் எவ்வளவு சரியாயிருந்தும் தொழிலாளியின் கூலி பிழைபட்டே தீரும். ஆகவே முதலிற் சோதிக்க வேண்டுவது தராசையே. 2019-இல் வெளியான ஆய்வொன்று பழைய அளவைகள் அனைத்தையும் சலித்து, நம்பத்தக்கவற்றை மட்டும் கொண்டு, வடபுலத்தின் மிதவெப்ப நாடுகளில் பெருக்கம் 30 முதல் 70 விழுக்காடு என்றது. அதே ஆண்டில், துருவப் பனியிற் சிறைப்பட்ட பழங்காற்றிலுள்ள கனத்த பிராணவாயு அணுக்களை ஆராய்ந்தோர், 1850-க்கும் 2005-க்கும் இடையே பெருக்கம் 40 விழுக்காட்டிற்கு மேற்படவில்லை என்றனர். பேரேடு ஏறக்குறைய மெய்யென்றாயிற்று. எனினும் மாதிரிகள் தம்முள்ளும் வேறுபடுகின்றன. அவற்றை வேதவாக்காகக் கொள்ளலும் தகாது.

"மூன்று மடங்கு இல்லையே" என்று நாம் ஆறுதல் கொள்ளலாமா? கூடாது. ஆலைகளும் வண்டிகளும் வெப்பநாடுகளை நோக்கிப் பெயர்ந்துவிட்டன. இங்குள்ள கடும் வெயிலும் மேலெழும் காற்றும் ஓஸோனை எளிதிற் பிறப்பித்து உயரத்திற் பரப்புகின்றன. 1994 முதல் பயணிகள் விமானங்களில் வைத்த கருவிகள், மலேசிய இந்தோனேசிய வானத்திலும் ஓஸோன் ஏறிவருவதைக் காட்டின. 1997-இல் சுமத்திராவும் கலிமந்தானும் எரிந்து, புகை பினாங்கையும் மூடிய நாட்களில், இந்தோனேசிய வானில் ஓஸோன் பெருகியதைப் பலூன் கருவிகள் பதிந்தன.

இன்னொன்று நம் தோட்டங்களைப் பற்றியது. ரப்பர் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. 2008-இல் சபாவில் நடந்த ஆராய்ச்சியின்படி, செம்பனை காட்டு மரங்களினும் மிகுதியாக ஐசோப்ரீன் என்னும் ஆவியை விடுகிறது. அதனால் மட்டும் கேடில்லை. வண்டி, ஆலை, உரம் ஆகியவற்றின் நைட்ரஜன் ஆவிகள் அதனோடு பெருகிக் கலந்தால் ஓஸோன் அபாய அளவைத் தாண்டும். பட்டணமும் செம்பனையும் அடுத்தடுத்திருக்கும் செபராங் பிறை போன்ற இடங்களுக்கு இது தக்க எச்சரிக்கை.

புகைமூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, பள்ளிகளை மூடுகிறோம். ஓஸோனோ தெளிந்த வானத்துப் பிற்பகலிலேதான் மிகும். அதை மிகுதியாகச் சுவாசிப்பவர் குளிர்ந்த அறையில் இருப்பவரல்லர். வெயிலிற் குலை வெட்டுபவரும் வீதி செப்பனிடுபவருமே. அரசாங்கத்தின் காற்றுக் குறியீட்டு எண்ணைக் கணிப்பதில் ஓஸோனும் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. "இவ்வெண் எந்த நஞ்சினால் வந்தது? நம் தோட்டத்திற்கு அருகே அளந்தது எங்கே?" என்று கேட்பது நமது உரிமை. கூலித் தராசைச் சோதிக்கக் கற்ற சமூகம், தான் சுவாசிக்கும் காற்றின் தராசையும் சோதிக்கக் கற்றுக்கொள்ளட்டும்.