குறும்படக்காரர்கள் போட்ட கணக்கு

தமிழ் சினிமாவில் டைரக்டர் ஆகணும் என்று சென்னைக்கு பஸ் ஏறியவருக்குப் பல காலம் ஒரே வழிதான் பிரதானம். யாரிடமாவது உதவி இயக்குநராகச் சேர வேண்டும். புட்டண்ணா கனகாலிடம் பாரதிராஜா, பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பாண்டியராஜனும் பார்த்திபனும் என்று குருகுலம் மாதிரி ஒரு வரிசை. திரைப்படக் கல்லூரி என்று இன்னொரு வாசலும் இருந்தது. 1986-ல் 'ஊமை விழிகள்' எடுத்தவர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான். யாரிடமும் உதவியாளராக இல்லாமல் நேராக வந்த மணிரத்னம் மாதிரி ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

'சொந்தமா ஒரு சின்னப் படம் எடுத்துக் காட்டியிருக்கலாமே' என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 எம்.எம். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். பத்து நிமிடப் படத்துக்கு அதைப்போல மூன்று மடங்கு மட்டுமே எடுப்பதாக வைத்துக்கொண்டாலும் 2,700 அடி. அந்த ஃபிலிமை வாங்கணும், லேபில் கழுவணும், பிரிண்ட் போடணும். கேமரா வாடகை தனி. மேன்ஷனில் அறை வாடகைக்கே தடுமாறுகிறவர் எங்கே போவார்? அப்படியே எடுத்தாலும் யாருக்கு, எங்கே போட்டுக் காட்டுவது?

இரண்டு கேள்விக்கும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பதில் வந்தது. 2008-ல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. பார்க்க ஃபோட்டோ கேமரா, ஆனால் முழு ஹெச்.டி. வீடியோ எடுக்கும். சினிமாவுக்குரிய 24 ஃபிரேம் வேகம் முதலில் அதில் இல்லை. 2010 மார்ச்சில் மென்பொருள் அப்டேட்டாகத்தான் கிடைத்தது. காட்டுவதற்கு இடமாக யூடியூப் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்'. மதனும் பிரதாப் போத்தனும் நடுவர்களாக உட்கார்ந்து, புதியவர்களின் குறும்படங்களைப் பார்த்து, முகத்துக்கு நேராகக் கருத்துச் சொன்ன நிகழ்ச்சி.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. முதல் சீசனை வென்ற நலன் குமாரசாமி, மென்பொருள் வேலையில் இருந்த கார்த்திக் சுப்புராஜ், அல்போன்ஸ் புத்திரன், ராம்குமார் என்று ஒரு கூட்டமே உள்ளே வந்தது. இதற்குக் கேமராவைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. குறும்படம் எடுத்தவர் தானே எழுதினார், பெரும்பாலும் தானே தயாரிப்பாளராகவும் இருந்தார். 'மழை பெய்கிறது' என்று ஒரு வரி எழுதினால் தண்ணி லாரிக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி உடனே அவருக்கே திரும்பி வரும். பெரிய இயக்குநரிடம் எத்தனை வருஷம் கிளாப் அடித்தாலும் இந்தப் பாடம் வராது. அங்கே செலவு வேறு யாரோ ஒருவருடைய தலைவலி.

இந்தப் பழக்கம் அவர்களுடைய முதல் முழுநீளப் படங்களிலும் தெரிகிறது. கார்த்திக் சுப்புராஜ் முதலில் எடுக்க நினைத்தது 'ஜிகர்தண்டா'. அந்த அளவு செலவுக்குத் தயாரிப்பாளர் அமையவில்லை. ஆகவே சின்ன பட்ஜெட்டுக்கென்றே இன்னொரு கதை எழுதினார். அதுதான் 2012-ல் வந்த 'பீட்சா'. ஒரு வீடு, இருட்டு, கையில் ஒரு டார்ச், மாட்டிக்கொண்ட ஒரு டெலிவரி பையன். படத்தின் பெரும்பகுதி அவ்ளோதான்! பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' (2012) குறும்படமாக இணையத்தில் ஓடி, பிறகு பெரிய படமானது. அதில் கதாநாயகன் கேமராவைப் பார்த்து நேராக நம்மிடமே பேசுவான். அல்போன்ஸின் 'நேரம்' (2013) ஒரே நாளில் முடிந்துவிடும் கதை. ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி'யும் (2014) முதலில் குறும்படம்தான். ஃபோட்டோ எடுத்தால் செத்துப்போவோம் என்று நம்பும் ஊரைப் பற்றிய படம், ஃபோட்டோ கேமராவால் வாழ்வு பெற்ற தலைமுறையிலிருந்து வந்தது. தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கத் தோன்றுகிறது.

இங்கே சி.வி.குமாரின் பெயரைச் சொல்லாமல் விட்டால் பாவம். 'பீட்சா', 'சூது கவ்வும்', 'முண்டாசுப்பட்டி' மூன்றும் அவர் தயாரிப்பு. திறமை காட்ட மேடை இருந்தும், ரிஸ்க் எடுத்துப் பணம் போட ஆள் இல்லையென்றால் இவை குறும்படங்களோடு நின்றிருக்கும்.

ஒன்று கவனித்தீர்களா? குறும்படம் வழியாக வந்தவர்கள் என்று நான் மேலே சொன்னவர்களில் ஒரு பெண்கூட இல்லை. சுதா கொங்கரா மணிரத்னத்திடமும், ஹலிதா ஷமீம் புஷ்கர்-காயத்ரியிடமும் உதவியாளர்களாக இருந்து வந்தவர்கள். அதாவது அந்தப் பழைய குருகுல வாசல் வழியாக. புது வாசல் எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை. நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ராத்திரி பகல் பாராமல் தெருவில் ஷூட்டிங் எடுக்கும் சுதந்திரம் நம்மூரில் யாருக்கு இருக்கிறது என்று யோசிச்சுப் பாருங்க.

வரிசை இன்னும் ஒரு படி போகிறது. வங்கி வேலையில் இருந்த ஓர் இளைஞர் கார்ப்பரேட் ஊழியர்களுக்கான குறும்படப் போட்டிக்குப் படம் அனுப்பினார். நடுவராக இருந்தவர் கார்த்திக் சுப்புராஜ். பிறகு அவருடைய ஸ்டோன் பெஞ்ச் நிறுவனம் ஐந்து குறும்படங்களைச் சேர்த்து 'அவியல்' (2016) என்று தியேட்டருக்கே கொண்டுவந்தபோது, அதில் அந்த இளைஞரின் 'களம்' இடம்பெற்றது. எந்த இயக்குநரிடமும் உதவியாளராக இல்லாத லோகேஷ் கனகராஜ் அடுத்த வருஷமே 'மாநகரம்' எடுத்தார். கதையின் பெரும்பகுதி சென்னைத் தெருக்களில், இரவில்.