காய்ச்சல் என்னும் ஒரு சொல்: லூனாஸ் தோட்டப்புறமும் குருதிச் சோதனையின் வரலாறும்

கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தில் அமைந்த லூனாஸ், ரப்பர்த் தோட்டங்களின் நடுவே வளர்ந்த ஊர். அவ்வட்டாரத் தோட்டப்புறத் தமிழைத் தொகுக்கும் பணியில் நாம் ஈடுபட்டிருந்தபோது, முதியோர் பேச்சில் ஒரு சொல் ஓயாமல் திரும்பி வந்தது. தாயோ தமையனோ எப்படி இறந்தார் என்று வினவினால், 'காய்ச்சலில் போய்விட்டார்' என்பர். என்ன காய்ச்சல் என்ற அடுத்த வினாவுக்கு விடை இராது. குடியேற்றக் காலத்து மரணப் பதிவேடுகளிலும் 'வகை குறிக்கப்படாத காய்ச்சல்' என்றொரு தலைப்பு இருந்தது.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் 'பலபொருள் ஒருசொல்' பற்றிப் பேசுகிறது. 'மா' என்பது மரமா, விலங்கா? 'பூத்தது' என்னும் வினை சேர்ந்தால் மரம்; 'ஓடிற்று' என்றால் விலங்கு. வினையும் இனமும் சார்பும் பொருளைத் தெளிவிக்கும். காய்ச்சலும் அத்தகைய சொல்லே. மலேரியா, டைபாய்டு, நிமோனியா, எலிக்காய்ச்சல் ஆகிய எல்லாம் அதனுள் அடங்கும். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றைத் தீர்க்காமல் போகலாம். ஆகவே இங்கே பொருள் மயக்கம் உயிரையே பறிக்கக்கூடியது.

இம்மயக்கத்தைத் தீர்க்க மருத்துவரிடம் நெடுங்காலம் இருந்தவை கையும் கணிப்புமே. மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கியவரின் மண்ணீரல் வீங்கிவிடும். விலாவுக்குக் கீழே தொட்டால் தெரியும். மலாய் மொழியில் இந்நோய்க்கு 'டெமாம் குரா' என்று பெயர். 'குரா' என்பது மண்ணீரல். கை கண்டறிந்ததையே மொழியும் பெயராக்கிக்கொண்டது.

1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சுப் படை மருத்துவர் லவரான், நோயாளியின் குருதியிலேயே மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1904இல் ஜெர்மானிய வேதியியலாளர் கீம்சா சீர்செய்து வெளியிட்ட சாயமுறை, ஒட்டுண்ணியைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. செய்முறை எளியது. விரல் நுனியில் ஊசி குத்தி, கண்ணாடித் தகட்டில் தடித்த பூச்சு ஒன்றும் மெல்லிய பூச்சு ஒன்றும் இடுவர். ஒட்டுண்ணி உண்டா என்பதைத் தடித்த பூச்சு சொல்லும்; எந்த இனம் என்பதை மெல்லிய பூச்சு சொல்லும். காய்ச்சல் என்னும் சொல்லுக்கு வேண்டிய சார்பு இவ்வாறு கிடைத்தது.

மலாயாவில் இந்த அறிவு விரைவிலேயே வேரூன்றியது. கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900இல் தோன்றியது. 1901 முதல் கிள்ளானில் மலேரியாவை எதிர்த்துப் போராடிய மால்கம் வாட்சன், தோட்டந்தோறும் குழந்தைகளின் மண்ணீரலைத் தொட்டு ஆய்ந்தார். குருதியையும் உருப்பெருக்கியில் பார்த்தார். அவர் பட்டறிவு 1911இல் நூலாக வந்தது. மேட்டு நிலத்தில் காட்டை அழித்தால் நோய் குறையும் என்று கருதியிருந்தனர். அங்கோ அது பெருகியது. வெயில் பட்ட தெளிந்த ஓடைநீரே அப்பகுதிக் கொசுவுக்கு உகந்த இடம். காட்டை வெட்டி ரப்பர் நட்டவர்களின் கைகளே, தம்மையறியாமல், அக்கொசுவுக்கு வழி திறந்துவிட்டன.

ஆயினும், குருதி சொன்ன செய்தி ஆங்கில அறிக்கைகளில் விழுக்காடாக எழுதப்பட்டது. குருதி கொடுத்தவரின் மொழிக்கு அது வந்து சேர்ந்ததா? நாம் சந்தித்த முதியோர் நினைவில் நின்றவை டிரசர் குத்திய ஊசியும் கொய்னாவின் கசப்புமே.

1967இல் தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2018 முதல் மனிதரிடையே பரவும் மலேரியா வகைகள் எவையும் நாட்டுக்குள் தொற்றியதாகப் பதிவு இல்லை. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. சரவாக்கின் காப்பிட் பகுதியில் உருப்பெருக்கி வழியே 'மலேரியே' என்று பெயரிடப்பட்ட நோய், உண்மையில் குரங்குகளிடமிருந்து வரும் 'நோலசி' என்பதைப் பல்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனையால் 2004இல் நிறுவினர். இரண்டும் தோற்றத்தில் ஒத்தவை. முன்னது மெதுவானது, பின்னது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகி உயிருக்கே ஊறு செய்யவல்லது. சோதனை இட்ட பெயரும் மீண்டும் சோதிக்கத் தக்கதே என்பதை நாம் இதிலிருந்து அறிகிறோம்.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. தோட்டத்தில் பிறந்தோர் அரசாங்கக் கிளினிக்குகளில் எண் அழைக்கப்படக் காத்திருக்கின்றனர். இப்போது அவர்களுக்குள்ள அச்சம் இதயத்தைப் பற்றியது. 'நெஞ்சுவலி' என்பதும் பலபொருள் ஒருசொல்லே. வாயுவாக இருக்கலாம், தசைப்பிடிப்பாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். இதயத்தசை சிதைந்தால் குருதியில் டிரோபோனின் என்னும் புரதம் உயரும், ஈ.சி.ஜி.யுடன் சேர்த்து மருத்துவர் அதனை நோக்குவர். வலி தொடங்கியவுடன் எடுத்த முதற் சோதனையில் அது தென்படாமலும் போகலாம். அதனால் சில மணி நேரம் கழித்து மீண்டும் எடுப்பர். சர்க்கரையும் கெட்ட கொழுப்புமோ வலியே தராமல் பல்லாண்டு மிகுந்திருக்கும். அவற்றை உணர்த்தும் சொல் நோயாளியிடம் இல்லை. சோதனைத் தாளில் எண் மட்டுமே உண்டு.

அத்தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சாகி வருகிறது. அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, 'வாயுதான், ஒன்றுமில்லை' என்று வீடு திரும்பும் தாத்தாக்களை நாம் கண்டிருக்கிறோம். ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது இதுவே: மாணவர் ஒரு குருதிச் சோதனைத் தாளை வாசித்து, எண் எது, எல்லை எது, மருத்துவரிடம் கேட்க வேண்டியது எது என்பதைத் தமிழில் எடுத்துரைக்க ஒரு வகுப்பில் பழகட்டும். அன்று மாலை வீட்டில் தாத்தாவுக்கு அதனை அவர்கள் படித்துச் சொல்லட்டும்.