நோன்புக் கடல்பாசியும் முப்பரிமாண அச்சு மையும்

ரமலானில் நோன்பு திறக்கும்போது நம் வீடுகளில் கடல்பாசி பரிமாறுவது வழக்கம். கொதிக்கவைத்து ஆறவிட்டால் கட்டியாகும் இந்த அகர், மன்னார் வளைகுடாவில் விளையும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகியவற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அதே கடலில் வளரும் கட்டைக்கோரை, பக்கோடா பாசி போன்ற பழுப்புப் பாசிகள் தருவது அல்ஜினேட். உடல் திசுக்களை அச்சிட முயலும் ஆய்வுகளில் இது இன்று முக்கியமான மை.

மை எப்படி வேலை செய்கிறது?

மருதாணிக் கூம்பை நினைத்துப் பாருங்கள். அழுத்தினால் நுனி வழியே இலகுவாக வரவேண்டும். கையில் விழுந்தபின் பரவாமல் கோடாக நிற்கவேண்டும். முப்பரிமாண அச்சு இயந்திரமும் இப்படித்தான் கோட்டின்மேல் கோடு வைத்து உருவத்தை எழுப்புகிறது.

அல்ஜினேட் கரைசல் தனியாக இருந்தால் பரவிவிடும். எனவே மரக்கூழ் போன்றவற்றிலிருந்து பிரித்த நானோ செல்லுலோஸ் இழைகளைச் சேர்க்கிறார்கள். மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர். அந்த அளவில் மெலிந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், கலவை அழுத்தும்போது இளகி, வெளியே வந்ததும் இறுகுகிறது. பிறகு கால்சியம் கலந்த நீர் பட்டால் அல்ஜினேட் கெட்டியாகிவிடும்.

சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் இக்கலவையோடு மனிதக் குருத்தெலும்புச் செல்களைச் சேர்த்து அச்சிட்டனர். காது வடிவத்தையும் உருவாக்கினர். அது சோதனை வடிவமே. நோயாளிக்குப் பொருத்தியது அல்ல.

நாம் ஏன் கவனிக்கவேண்டும்?

இத்துறையில் ஜெலட்டின் மையும் பரவலாகப் பயன்படுகிறது. ஜெலட்டின் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது. தாவர, பாசி மைகள் வளர்ந்தால், நாளை சிகிச்சைக்காக மருத்துவமனைக்குச் செல்லும் நம் குடும்பங்களுக்குத் தயக்கமில்லாத ஒரு வழி கிடைக்கும். ஆனாலும் "தாவரம்" என்ற பெயர் மட்டும் போதாது. கூடவே சேர்க்கப்படும் பொருட்களையும் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது காரணம் பிழைப்பு. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. இராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா என்பதால், அங்கே பாசி பறிக்கவும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே வளர்ப்பே வழி. தமிழகத்தில் கடற்பாசிப் பூங்கா அமைக்கப்படும் என 2021 மத்திய பட்ஜெட் அறிவித்தது.

உலர்த்திய பாசியை எடைபோட்டு விற்பதோடு நின்றால் கிடைப்பது சொற்பம். மருத்துவத் தரத்துக்குச் சுத்திகரிப்பதில்தான் மதிப்பு கூடுகிறது. வேதியியலும் உயிர்தொழில்நுட்பமும் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கருத்தில் கொண்டால், முத்து தந்த கடல் இன்னொரு வழியிலும் வாழவைக்கும், இன்ஷா அல்லாஹ்.