தோட்டாவின் கழுத்து

மரக்காணத்து உப்பளக் காற்றில் பித்தளைக் குடத்துக்குப் பச்சைக் களிம்பு ஏறும், குடம் பிளந்துவிடாது. ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில், இந்தியாவிலிருந்த அவனுடைய பட்டாளத்தின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் பெட்டியில் கிடந்தபடியே பிளந்துகொண்டன. சண்டைக்கு நடுவில் அது தெரியவந்தால் சிப்பாயின் கதி என்ன?

ஈரத்தின் மேல் பழி போடத்தான் யாருக்கும் தோன்றும். உண்மையான குற்றவாளி, பாவம், குதிரை! மழை ஓயும்வரை தோட்டாக்களை லாயத்தில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா பித்தளையைத் தாக்கிற்று.

அதற்கு உடந்தை ஒன்றும் உண்டு, அது அச்சு. பித்தளைத் தகட்டைச் சூடு காட்டாமல் அச்சில் இழுத்துத்தான் தோட்டாக் கூட்டைச் செய்கிறார்கள். அப்படி இறுக்கப்பட்ட உலோகம் அந்த இறுக்கத்தை மனத்தாங்கல் போல உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும். அம்மோனியா பட்டதும் பிளக்கும். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921-ல் இதை விளக்கினார்கள். இளஞ்சூட்டில் பதம் செய்தால் இறுக்கம் தளர்ந்துவிடுமாம்.

சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்புகிறவர்களுக்கும் அச்சுக் கவலை உண்டு. சுட்டதும் கூடு உப்பிவிடும். கையால் தாழை இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கியானால், பெரும்பாலும் கழுத்தை மட்டும் ஒடுக்கும் அச்சு போதும். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்குக் கூடு முழுவதையும் ஒடுக்கும் அச்சு வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். அதற்காக அளவுக்கு மீறி ஒடுக்கவும் கூடாது. சுடும்போதெல்லாம் பித்தளை நீண்டு, அடிப்பக்கம் மெலிந்து, ஒருநாள் அங்கேயே அறுந்துபோகும்.