பதக்கம்: தொங்கியதும் தொங்கவிட்டதும்

பதக்கம் என்றால் முதலில் வீரமும் இல்லை, வெற்றியும் இல்லை, நகை. அட்டிகையின் நடுவில் கல் பதித்துத் தொங்குமே, அதுதான் பதக்கம். வடமொழியின் ‘பதக’த்தோடு உறவுள்ள சொல். அம்மன் மார்பில் நவரத்தினப் பதக்கம் என்று கோயில்களில் இன்றும் பழைய பொருளிலேயே சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘மெடல்’ வந்த வழியே வேறு. அது உலோகத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து கிளைத்தது என்பார்கள். ஒன்று தொங்குவதைச் சொல்கிறது, மற்றது வார்த்ததை. இரண்டையும் நாம் ஒரே சொல்லில் போட்டுவிட்டோம்.

போட்டது பொருந்தாமலும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1791-92 மைசூர்ப் போருக்காக இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்த பதக்கம் சட்டையில் குத்துவதல்ல, மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிவது. கழுத்தில் மஞ்சள் கயிறு என்றால் நம் ஊரில் வேறு பொருள். கம்பெனிக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ.

இந்த வரிசையில் பேர்போனது 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்கான பதக்கம். பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அடித்தது. வடிவம் கொடுத்தவர் கூக்லர். மேலிடத்துக்குப் பொன், அதற்கடுத்த படிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், கோட்டைச் சுவரில் ஏறிய சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். உலோகத்தைப் பார்த்தே ஆளின் படியைச் சொல்லிவிடலாம். லத்தீன் வேர் பொய்க்கவில்லை.

ஒரு முகத்தில் சிங்கம் புலியை அமுக்கிக் கிடக்கிறது. புலி மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் சின்னம் என்பதால் படத்துக்கு விளக்கம் தேவையில்லை. விளக்கம் வேண்டியது மேலே பறக்கும் கொடிக்குத்தான். அதில் அரபி எழுத்தில் ‘அசதுல்லாஹில் காலிப்’: இறைவனின் வெல்லும் சிங்கம். அது நபியின் மருமகன் அலியின் பட்டப்பெயர். அதே எழுத்துகளைப் புலி முகமாக வளைத்துத் தன் ஆயுதங்களில் பொறித்துக்கொண்டவர் திப்பு. அவர் கையில் புலியாய் நின்ற ‘அசது’ பிரிட்டிஷ் சிங்கமாகிவிட்டது. கொள்ளைப் பொருள்களின் கணக்கில் இந்தச் சொற்றொடரையும் சேர்க்கத்தான் வேண்டும்.

அடித்து அனுப்பியபோது இந்தப் பதக்கத்துக்குக் காதும் இல்லை, வளையமும் இல்லை, வெறும் வில்லைதான். பெற்றவர்கள் அவரவர் செலவில் வளையம் பற்றவைத்துத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். அதனால்தான் இன்று சேகரிப்பாளர்களிடம் இருப்பவற்றில் ஒன்றின் கொக்கி போல் இன்னொன்றில் இல்லை.